கூப்பன் அரிசியின் கணக்கு

தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளி தம் வீட்டு அரிசியை ரூபாயில் எண்ணுவதில்லை, முழத்தில் எண்ணுகின்றார். ஒரு வாரத்து அரிசிக்கு எத்தனை முழம் நெய்தாக வேண்டும் என்பதே அவர் அறிந்த விலை. நூல் விலை ஏறிக் கூலி ஏறாமல் நின்றால், கடையில் அரிசி விலை அசையாமல் இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை அரிசி விலை ஏறிவிட்டது என்றே பொருள். எந்தப் பொருளாதார நூலையும் படியாமலே நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்த கணக்கு இது. ஒரு தேசம் வெளிநாட்டிலிருந்து தானியம் தருவிக்கும்போதும் இதே கணக்குத்தான் நடைபெறுகின்றது. முழம் என்னும் இடத்தில் தேயிலை, ரப்பர், தேங்காய் என்று எழுதிக்கொண்டால் போதும்.

அவ்வாறு எழுதிப் பார்ப்பதற்கு ஏற்ற நாடு நம் அண்டையிலுள்ள இலங்கை. அங்குள்ளோர் நம்மைப் போலவே சோறுண்பவர்கள். நம் மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் அம்மலைநாட்டில் இன்றும் வாழ்கின்றனர். பங்கீட்டு அரிசியை வீடுதோறும் கொண்டு சேர்த்த பணியைப் பெரும்பாலும் அங்கே செய்ததும் கூட்டுறவுக் கடையே. ஆகவே இம்மாதப் பாடத்திற்கு அந்நாட்டை எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் சங்கத்தில் அரிசியை விலைக்கு வாங்கும் நெசவாளியும் இருக்கின்றார். நெல்லை விற்கும் விவசாயியும் இருக்கின்றார். ஒருவருக்கு விலை இறங்க வேண்டும். மற்றவருக்கு ஏற வேண்டும். பொதுக்கூட்டத்தில் இருவரும் ஒரே ஜமக்காளத்தில் அமர்ந்திருக்கும்போது இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இலங்கையில் இவ்வழக்கைச் சர்க்காரே நடுவில் நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் தீர்க்க முயன்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைச்சரிவுகளில் முதலில் காப்பியும், காப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும், பின்னர் ரப்பரும் பயிரிட்டனர். தோட்டங்களில் உழைக்கத் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆட்கள் சென்றனர். அவர்களுக்கு வேண்டிய அரிசியும் கடல் கடந்தே சென்றது. ஒரு காலத்தில் தஞ்சை அரிசி சென்றது. பின்னர் பர்மா அரிசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்து நிர்வாகம் அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் மகாயுத்தத்திற்கு முன்பு இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்ததேயாகும்.

இதை மடமை என்று எளிதில் தள்ளிவிடலாகாது. ஓர் ஏக்கர் தேயிலை ஈட்டித் தரும் பணத்தைக் கொண்டு, அதே ஏக்கரில் விளையக்கூடிய நெல்லைவிட அதிக அரிசியை ரங்கூனில் வாங்க முடிந்தது. கணக்கு சரியாகவே இருந்தது, ரங்கூன் துறைமுகம் திறந்திருந்தவரை.

1942 மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது; பழக்கமில்லாத கோதுமை மா சோற்றுக்குத் துணையாக வந்து சேர்ந்தது. தனி வியாபாரியிடம் மட்டும் பங்கீட்டை ஒப்படைக்கத் தயங்கிய அரசாங்கம் ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகளை ஊக்குவித்தது. யுத்தம் முடிவதற்குள் அவை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. ‘சங்கக்கடை’ என்னும் சொல் யாழ்ப்பாணத்து மக்கள் நாவில் நிலைத்தது. பங்கீட்டுப் புத்தகத்தைக் காட்டி வாங்கும் அரிசிக்குக் ‘கூப்பன் அரிசி’ என்று பெயர் வழங்கிற்று.

யுத்தம் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. மலிவாகக் கிடைக்கும் கூப்பன் அரிசியை ஓர் உரிமையாகவே ஜனங்கள் கொண்டனர். ஒரு கொத்து, அதாவது இரண்டு ராத்தல் அரிசி, 25 சதத்திற்கு விற்றது. நூறு சதம் ஒரு ரூபாய். மறுபுறம், 1948-இல் விவசாயிக்கு உத்தரவாத விலைத் திட்டமும் தொடங்கப்பட்டது. நெல்லைக் கூட்டுறவுச் சங்கத்திடம் கொண்டுவந்தால் குறித்த விலைக்குச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். உண்பவருக்கு ஒரு கையாலும் உழுபவருக்கு மறு கையாலும் கொடுத்தனர். இரு கைகளுக்கும் பணம் ஒரே பையிலிருந்துதான் வர வேண்டும். அப்பையை நிரப்பியவை தேயிலையும் ரப்பரும்.

1950-இல் கொரியப் போர் மூண்டது. ரப்பர் விலை விண்ணை முட்டிற்று. இலங்கையின் பையும் நிரம்பிற்று. ஆனால் அடுத்த ஈராண்டுக்குள் ரப்பர் விலை சரிந்தது; அரிசி விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. நெசவாளி மொழியில் சொன்னால், துணி இறங்கி நூல் ஏறிற்று. வாங்குவதற்கு வேண்டிய அரிசியும் சந்தையில் எளிதில் கிடைக்கவில்லை.

இந்நெருக்கடியில் இலங்கை துணிந்து ஒரு காரியம் செய்தது. 1952 டிசம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. ஆண்டுதோறும் சீனா 2,70,000 டன் அரிசி தரும். இலங்கை 50,000 டன் ரப்பர் தரும். அக்காலத்தில் சீனாவுக்கு ரப்பர் விற்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் சபை தடை கூறியிருந்தது. இலங்கை அச்சபையில் அப்போது உறுப்பு நாடாக இல்லை. ரப்பருக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுக்கச் சீனா இசைந்தது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா இதை முன்னின்று முடித்தார். அமெரிக்கா சினந்து தன் உதவியை நிறுத்திற்று. இத்தனைக்கும் அன்று கொழும்பில் ஆட்சி செய்தது பொதுவுடைமைக்கு எதிரான கட்சி! பசி வந்தபோது கொள்கை வேற்றுமை கப்பலை நிறுத்தவில்லை. அந்த ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நடந்தது.

அரிசி வந்தது, ஆயினும் பையில் விழுந்த ஓட்டை அடைபடவில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள நட்டத்தைப் பொக்கிஷம் சுமந்தது. 1953 ஜூலையில் டட்லி சேனநாயக்கா அரசாங்கம் கொத்து 25 சதமாக இருந்த கூப்பன் அரிசியை ஒரே நாளில் 70 சதமாக உயர்த்திற்று. நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ரயில், தபால் கட்டணங்களும் ஏறின. ஆகஸ்டு 12-ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. கடைகள் மூடின, ரயில் பாதைகள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்றில் கூடியது. அக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அடுத்து வந்தவர்கள் விலையைக் குறைத்தனர்.

நிதி மந்திரியின் கூட்டல் கழித்தலில் பிழை இருந்ததாக நான் கருதவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் மலிவு விலைக்கு உண்டு பழகிய குடும்பத்தின் கலத்தில், ஒரே நாளில் ஏறத்தாழ மும்மடங்கு விலையை வைத்தது பிழை. கூலி ஏறவில்லை, வேறு வழியும் காட்டப்படவில்லை. நம் சங்கங்களிலும் கடன் வசூலில் இவ்வாறு நடந்து கையைச் சுட்டுக்கொண்ட நிர்வாகங்கள் உண்டு.

இனி அங்கத்தினர் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. 1960-களின் தொடக்கத்தில் இலங்கைச் சர்க்கார் விவசாயியிடம் ஒரு புசல் நெல்லை 12 ரூபாய்க்கு எடுத்தது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 46 ராத்தல். அரைத்தால் 30 ராத்தல் அரிசி தேறும் என்று வைத்துக்கொள்வோம். அது 15 கொத்து. ஆகவே ஒரு கொத்து அரிசிக்கு நெல்லின் அடக்க விலை மட்டும் 80 சதம். ஆலைக் கூலி, சாக்கு, வண்டிச் சத்தம், கிடங்கு வாடகை இன்னும் சேரவில்லை. இவ்வரிசி கூப்பனுக்கு 25 சதத்திற்குப் போயிற்று. கொத்து ஒன்றுக்கு 55 சதமும் அதற்கு மேலும் நட்டம்.

இதனால் விளைந்த விபரீதத்தை எண்ணிப் பாருங்கள். தன் வயலில் விளைந்த நெல்லைத் தானே குத்தி உண்ணும் விவசாயிக்கு ஒரு கொத்து 80 சதம். அதையே சங்கத்துக்கு விற்றுவிட்டு, கூப்பனுக்கு அரிசி வாங்கி உண்டால் 25 சதம். விற்று வாங்குவதே புத்திசாலித்தனம் ஆயிற்று. நெல் வண்டி போவதும் அரிசி வண்டி வருவதுமாக அதே ஊரின் சோறு ஊரைச் சுற்றி வந்தது; வண்டிச் சத்தம் பொக்கிஷத்துக்கு.

அக்காலத்தில் கப்பல் அரிசி உள்நாட்டு அரிசியைவிட மலிவாக வந்தது. கொழும்பில் உட்கார்ந்து பேரேட்டை மட்டும் பார்க்கும் கணக்கருக்கு, உள்நாட்டு நெல்லை 12 ரூபாய்க்கு எடுப்பது வீண் செலவாகவே தோன்றியிருக்கும். மலிவான இடத்தில் வாங்கிப் பிள்ளைகளுக்குப் போடுவதுதானே நல்ல குடித்தனம்? விவசாயிக்குக் கொடுத்த அந்த அதிக விலை எதற்காக என்பதைப் பேரேட்டின் எந்தப் பக்கமும் சொல்வதில்லை. ஆயினும் அவ்விலையை நம்பி ஏரியும் வாய்க்காலும் திருத்தப்பட்டன. வறண்ட வலயத்துக் குடியேற்றங்களில் புது நிலம் உழப்பட்டது. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச்-4 என்னும் நெல் வகை வயல்களில் பரவிற்று. இவையெல்லாம் ஒரு பருவத்தில் முளைப்பவை அல்ல.

1960-களில் தேயிலை விலை தேய்ந்துகொண்டே வந்தது. 1966 டிசம்பரில், மீண்டும் பிரதமராயிருந்த டட்லி சேனநாயக்கா இரண்டு கொத்துப் பங்கீட்டை ஒரு கொத்தாகக் குறைத்தார். ஆனால் அந்த ஒரு கொத்தை இலவசமாகக் கொடுத்தார். 1953-ஐ அவர் மறக்கவில்லை. 1967-இல் இலங்கை ரூபாயின் மதிப்பு 20 சதவீதம் குறைக்கப்பட்டது. அவ்வாண்டே விவசாயிக்குரிய விலை 14 ரூபாயாயிற்று. 1970-இல் இரண்டாவது கொத்தைத் திரும்பத் தருவோம் என்று வாக்களித்த சிறிமாவோ பண்டாரநாயக்கா வெற்றி பெற்று, அதனை 75 சத விலைக்குக் கொடுத்தார். அரிசியே தேர்தலை வென்றது, அரிசியே தோற்றது என்று சொல்லுமளவுக்கு அக்காலத்து அரசியல் இருந்தது.

அதன் பின் வந்தது பேரிடி. 1972-இல் சோவியத் நாடு உலகச் சந்தையில் கோதுமையை வாரி வாங்கிற்று. பல நாடுகளில் மழை பொய்த்தது. 1973-இன் இறுதியில் எண்ணெய் விலையும் ஏறிற்று. 1972-இல் டன் 150 டாலரை ஒட்டியிருந்த தாய்லாந்து அரிசி 1974-இல் 500 டாலரைத் தாண்டிற்று. மீண்டும் பென்சிலை எடுங்கள். டாலர் ஒன்றுக்கு அப்போது அதிகார விகிதப்படி ஆறரை ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு டன்னில் 1,100 கொத்து. ஆகவே உலகச் சந்தையில் அவ்விலைக்கு வாங்கிய அரிசி கொழும்புக் கரையைத் தொடுமுன்பே கொத்து ஏறத்தாழ மூன்று ரூபாய். அதே 1974-இல் விவசாயிக்குரிய விலை புசலுக்கு 33 ரூபாய்வரை உயர்த்தப்பட்டிருந்தது; நம் பழைய கணக்குப்படி அது கொத்துக்கு 2 ரூபாய் 20 சதம். நேற்றுவரை வீண் செலவாகத் தோன்றிய உள்நாட்டு நெல் இன்று கப்பல் அரிசியைவிட மலிவு! ஆனால் ஒரே நாளில் வயலை இரு மடங்காக்க முடியுமா? மழையும் ஒத்துழைக்கவில்லை. பங்கீடு வெட்டப்பட்டது. உணவகங்களில் குறிப்பிட்ட நாட்களில் சோறு பரிமாறத் தடை வந்தது. நெல்லையும் அரிசியையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு வந்தது.

இந்த இடியின் கீழ் யார் எங்கே நின்றார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். செலாவணி இல்லாமையால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திற்று. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிணற்று நீர் இறைத்துப் பயிர் செய்த தமிழ் விவசாயிக்கு அது பொற்காலமாயிற்று. மிளகாய் விற்ற பணத்தில் கல்வீடு எழும்பிற்று. நீர் இறைக்கும் எந்திரம் வந்தது. அதே ஆண்டுகளில் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளிக்கு நிலமும் இல்லை, நெல்லும் இல்லை. கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தபோது வெளிச்சந்தையில் வாங்கக் கூலி போதவில்லை. 1974-இல் நாட்டின் இறப்பு விகிதமே உயர்ந்தது. தோட்டப்புறங்களில் அது நாட்டுச் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நாட்டுக்கு அரிசி வாங்கித் தந்த தேயிலையைக் கிள்ளிய கைகள் அவை. ஒரே சட்டம், ஒரே மொழி பேசும் இரு சாராரில் ஒருவரை வாழவைத்தது, மற்றவரைப் பட்டினியிட்டது. விலை ஏறினால் விவசாயிகள் வாழ்வார்கள் என்று மட்டும் பேசுவோரும், விலை இறங்கினால் ஏழைகள் வாழ்வார்கள் என்று மட்டும் பேசுவோரும் இந்த இரு ஊர்களையும் ஒருசேரப் பார்ப்பது நலம்.

1977-இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா ஆட்சிக்கு வந்தார். 1953-இல் விலையை ஏற்றிய அதே நிதி மந்திரிதான். இம்முறை நிதானமாக நடந்தார். முதலில் பங்கீட்டை வருவாய் குறைந்த பாதி மக்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். 1979-இல் பங்கீட்டையே எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார். கூப்பன் புத்தகத்தில் எழுதியிருந்தது கொத்து. முத்திரையில் எழுதியிருந்தது ரூபாய். இவ்வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஆனால் விலைவாசி ஏற ஏற, முத்திரையில் அச்சிட்ட எண் அப்படியே நிற்க, அது வாங்கும் அரிசி மட்டும் குறைந்தது. சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ பாதியாயிற்று. 1953-இல் தெருவில் எழுந்த எதிர்ப்பு இப்போது எழவில்லை. இறக்குமதிக் கதவும் அகலத் திறக்கப்பட்டது. வடக்கு விவசாயியின் மிளகாயும் வெங்காயமும் விலை இழந்தன.

பின்னர் மகாவலித் திட்டத்தாலும் புதிய நெல் வகைகளாலும் நெல் விளைச்சல் பெருகிற்று. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அரிசிக் கப்பலுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை என்னும் நிலை வந்தது. கோதுமை மட்டும் அங்கே விளைவதில்லையாதலால் பாண் முழுவதும் இறக்குமதியே. அரிசியில் தன்னிறைவு அடைந்தோம் என்று மகிழ்ந்த நாடு ஒன்றை மறந்தது. அரிசிக்கு முந்திய பொருள் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதுதான் உரம். 2005 முதல் நெல் விவசாயிக்கு 50 கிலோ யூரியா மூட்டை 350 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. மீதி விலையைப் பொக்கிஷம் சுமந்தது. கூப்பன் அரிசியில் கண்ட அதே கணக்கு, இப்போது வயலுக்குள் புகுந்துகொண்டது.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று தடை செய்தது. மண்ணின் நலமும் மக்களின் உடல்நலமும் காரணமாகக் கூறப்பட்டன. செலாவணி வற்றியிருந்ததும் எல்லோரும் அறிந்ததே. இயற்கை உரத்துக்கு நான் பகைவன் அல்லேன். ஆனால் எருக்குழி வெட்டுமுன் யூரியாவை நிறுத்துவது, பாவு ஓடுமுன் ஊடையை எறிவது போன்றது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. 2022 தொடக்கத்தில் அறுவடையான அப்போக நெல், முந்திய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. உரத்தில் மிச்சம் பிடித்த டாலர் அரிசி வாங்கப் போயிற்று. அவ்வாண்டு இறக்குமதி ஏழு இலட்சம் டன்னைத் தாண்டிற்று.

வாங்குவதற்கு டாலரும் இல்லை. 2022 ஏப்ரல் 12-ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், மே மாதத்தில் 360 ரூபாய். செப்டம்பரில் கொழும்பில் உணவு விலைகள் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தன. நாள் முழுவதும் நெய்தும், அதே அரிசிக்கு இரு மடங்கு முழம் வேண்டியிருந்தது என்று நாம் கொள்ளலாம்.

அவ்வாண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் இலங்கை மக்களுக்கு உதவ ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று: 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்துகள். மே 18-ஆம் நாள் முதல் கப்பல் 9,000 டன் அரிசியுடன் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஒரு காலத்தில் தஞ்சை அரிசி விலைக்குச் சென்ற கடல்வழியில், இம்முறை அரிசி விலையின்றிச் சென்றது. கொடுத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. அதையும் பென்சிலால் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்நாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 24 இலட்சம் டன் அரிசி வேண்டும். அப்படியானால் 40,000 டன் என்பது ஆறு நாள் சோறு.